ஆயிங்கின் இடம்

சூமெய் கிழவியின் கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெய்ஹுவா உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே, "நல்ல விஷயம்தான், யாரும் பயப்படாதீங்க" என்றாள்.

பெய்ஹுவா, தொலைந்த உறவுகளைத் தேடித் தரும் சங்கத்தில் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஜியாங்யின் விளையாட்டரங்கில் நடந்த கூட்டத்தில், வடக்கே ஹேனானிலிருந்து வந்து திகைத்து நின்ற சூமெய்யின் கையைப் பிடித்து மியாவ் குடும்பத்தாரின் மேசைக்கு அழைத்துப் போனது அவள்தான். அதனால் இந்த வீட்டில் அவளுக்கு எப்போது வந்தாலும் தேநீர் உண்டு.

"அப்பல்லாம் மூஞ்சி ஜாடை, மச்சம், தழும்பு இதை வெச்சுத்தானே சேத்து வெச்சோம்" என்றாள் பெய்ஹுவா. "அந்தக் குடும்பங்க எல்லாத்துக்கும் இப்ப டி.என்.ஏ. பாத்துடலாம்னு சங்கத்துல முடிவாயிருக்கு. விரல் நுனியில ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில ஒத்தினா முடிஞ்சுது. போலீஸ் ஆய்வகத்துலயே பாத்துத் தராங்க."

அடுக்களையிலிருந்து யுன்ஃபென் எட்டிப் பார்த்தாள். கிழவியின் மருமகள். மூங்கில் குருத்தை நறுக்கிய கத்தி கையிலேயே இருந்தது. "பன்னெண்டு வருஷமா எங்க அரிசியைத் தின்னுட்டு, வடக்கத்தி ரொட்டிதான் ருசின்னு சொல்லிட்டிருக்காங்க இவங்க. இப்பப் போயி சோதனை பண்ணி என்ன செய்யப் போறீங்க? வேற ஆளை மாத்திக் குடுப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சூமெய்யும் சிரித்தாள். தண்ணீருக்குள் அவள் கை மட்டும் அசையாமல் நின்றுவிட்டது.

கிழவிக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால் வேண்டாததெல்லாம் கேட்டுவிடும். "என்ன ரத்தம்? யார் ரத்தம்?" என்று கேட்டாள். "நான் பெத்தது எனக்குத் தெரியாதா? ஆயிங், தண்ணி ஆறிப்போச்சு பாரு."

ஆயிங் என்பது இந்த வீட்டில் சூமெய்யின் பெயர்.

"எதுக்கு இப்ப திடீர்னு?" என்றான் கென்ஷெங். கிழவியின் மகன். நூற்பாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பால்கனியில் வளர்க்கும் இரண்டு பாடும் பறவைகள்தான் அவன் உலகம்.

பெய்ஹுவாவின் சிரிப்பு மறைந்தது. "போன மாசம் ஒரு குடும்பத்துக்கு எடுத்தோம். பொருந்தலை. இருபது வருஷமா அக்கான்னு இருந்தவங்க அக்கா இல்ல. அது மட்டும்னாக்கூடப் போகுதுன்னு விட்டுடலாம். அக்கா கெடச்சாச்சுன்னு அவங்க தேடுறதை நிறுத்திட்டாங்கண்ணே. சொந்த அக்கா வருஷா வருஷம் வந்து, சுவத்துல ஒட்டியிருக்குற நோட்டீஸை எல்லாம் படிச்சுட்டு, தன்னை யாருமே தேடலைன்னு அழுதுட்டுத் திரும்பிப் போயிருக்காங்க."

கென்ஷெங் பால்கனிப் பறவைகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "குடுத்துடலாம். நமக்கென்ன பயம்" என்றான்.

சூமெய் கிழவியின் பாதங்களைத் துடைத்தாள். விரல் இடுக்குகளில் ஈரம் நின்றால் புண்ணாகிவிடும் என்று ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். தலை நிமிரவே இல்லை.

*

1960இன் பஞ்சத்தில், இந்த யாங்சே ஆற்றோரத்து ஊர்களில் சாப்பாடு இல்லாத பெற்றோர் கைக்குழந்தைகளை வூசி, ஷாங்காய் மாதிரியான பெரிய நகரங்களுக்குத் தூக்கிக்கொண்டு போய், யாராவது எடுத்துக் காப்பாற்றட்டும் என்று ஆலை வாசல்களிலும் பஸ் நிலையங்களிலும் விட்டுவிட்டு வந்தார்கள். அனாதை இல்லங்கள் நிரம்பியதும் குழந்தைகள் ரயில் ரயிலாக வடக்கே அனுப்பப்பட்டார்கள். அப்படி ஹேனானில் ஒரு கொல்லன் வீட்டுக்குப் போனவள் சூமெய். அப்போது அவளுக்கு ஒரு வயது இருக்கும் என்றார்கள். தெற்கேயிருந்து வந்த பெண் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வளர்த்த அம்மா இருக்கும்வரை அவள் தேடவில்லை. அம்மா போன பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், முதல் முறையாக ஜியாங்யினுக்கு பஸ் ஏறினாள்.

அன்று அரங்கில் மூவாயிரம் பேராவது இருந்திருப்பார்கள். பெய்ஹுவா அவள் வலது காதுக்குப் பின்னாலிருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "இங்க வாங்க, இங்க வாங்க" என்று இழுத்துக்கொண்டு ஓடினாள். மியாவ் குடும்பத்தின் அட்டையில் எழுதியிருந்தது: 'மகள் ஆயிங். பதினான்கு மாதம். வலது காதுக்குப் பின்னால் அடுப்புக் கங்கு பட்ட தழும்பு.' கிழவி அவள் காதை மடக்கிப் பார்த்தாள். அப்புறம் எழுந்த ஓலத்தில் பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். தகப்பனார் மியாவ், ஒல்லியான மனிதர், பேச வராமல் அவள் முன்னால் மண்டியிட்டுவிட்டார். கென்ஷெங் அழுதுகொண்டே அவளைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தான்.

சூமெய் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது இதுதான்: இது கட்டி வந்த தழும்பு. ஆறு வயதில் வந்தது. நாவிதர் சவரக்கத்தியால் கீறினார். நான் கத்தியது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

சொல்லவில்லை. கிழவியின் கண்ணீர் அவள் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தழும்பு இருந்த இடத்திலேயே கட்டியும் வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள். அன்று மாலை விருந்தில் எட்டு மேசை போட்டிருந்தார்கள். நாளை சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் அவளை மூதாதையர் கல்லறைக்கு அழைத்துப் போய் ஊதுவத்தி கொளுத்தச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சொல்வதற்கு நாளே இல்லை.

நான்கு வருடம் வருவதும் போவதுமாக இருந்தாள். கணவர் இறந்த வருடம்தான் தகப்பனார் மியாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. பார்த்துக்கொள்ள வந்தவள் தங்கிவிட்டாள். அவர் போன பின் கிழவிக்குப் பக்கவாதம். அப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது.

*

ரத்தம் எடுக்கும் நாள் வேகமாக வந்துவிட்டது. சூமெய் அன்று காலையில் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பெய்ஹுவா வீட்டுக்கே வந்து கிழவிக்கும் கென்ஷெங்குக்கும் குத்தி எடுத்துக்கொண்டு போனாள். கிழவி ஊசிக்கு அழவில்லை, பெய்ஹுவாவின் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அக்காவுக்கு அடுத்த முகாம்ல எடுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை அரங்கத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள் பெய்ஹுவா.

சூமெய் மகனுக்குப் போன் செய்தாள். ஹேனானில் அவனுக்கு டயர் கடை. "ஊருக்கு வந்துடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

"வாங்கம்மா. எத்தனை தடவை கூப்பிட்டாச்சு. ஏன், அந்த யுன்ஃபென் மாமி ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஏன் குரல் இப்படி இருக்கு?"

"சளி" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். இரண்டு சட்டைகளை மடித்துப் போட்டாள். கிழவி கூடத்திலிருந்து, "ஆயிங், மாத்திரை" என்றாள். சூமெய் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய் மாத்திரை கொடுத்தாள்.

போய்விடலாம். போனால் யாரும் ஹேனான்வரை வந்து விரலைக் குத்தப்போவதில்லை. ஆனால் பெய்ஹுவா சொன்ன அந்தப் பெண் அவளை விடவில்லை. காய்கறி வாங்கப் போனால் அவள் முன்னால் வந்து நின்றாள். சுவரில் நோட்டீஸ்களைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு முதுகு. எனக்கும் அந்த வயதுதானே, என்று சூமெய் நினைப்பாள். அவளுக்கும் முழங்கால் வலிக்குமே.

ஞாயிற்றுக்கிழமை கொத்தமல்லி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரங்கத்துக்குப் போனாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் அன்ஹுய் மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். கழுத்தில் அட்டை தொங்கியது. சிறுவயதுப் படம், தேதி தெரியாத பிறந்தநாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சளசளவென்று பேசினாள். பதினெட்டாவது தடவையாக வருகிறாளாம்.

"ரத்தம் நான் எப்பவோ குடுத்துட்டேன். இன்னைக்கு இவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள். "நாம குடுத்தா மட்டும் போதுமா அக்கா? அந்தப் பக்கத்துலயும் ஒருத்தங்க குடுக்கணும்ல. ஒருவேளை எங்க வீட்டுல எனக்குப் பதிலா யாரையாவது கூட்டிட்டுப் போயி வெச்சிருக்காங்களோ என்னவோ." அவள் சிரித்தாள். "நல்லாச் சாப்பிடட்டும், வேற என்ன."

சூமெய்யின் முறை வந்தபோது, பெய்ஹுவா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "கை இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு. ரத்தமே வரல பாருங்க" என்று இரண்டு முறை குத்தினாள்.

"எத்தனை நாளாகும்?"

"நாப்பது நாள், அம்பது நாள். ஏன்க்கா, பயமா?"

"இல்ல" என்றாள் சூமெய்.

வீட்டுக்கு வந்த பின்தான் கொத்தமல்லி வாங்காதது ஞாபகம் வந்தது.

*

அந்த நாற்பது நாட்களில் அவள் நான்கு கிலோ இளைத்தாள். போன் மணி அடித்தால் கையிலிருப்பதைக் கீழே போடுவாள். ஒரு முறை கஞ்சிக் கிண்ணம், ஒரு முறை கென்ஷெங்கின் தேநீர்க் குடுவை. யுன்ஃபென் போனின் சத்தத்தையே குறைத்து வைத்தாள். அது இன்னும் மோசம். சத்தம் கேட்கவில்லையே என்று சூமெய் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன, காதலனா போன் பண்ணப் போறான்?" என்றாள் யுன்ஃபென்.

கிழவியிடம் அவள் நடந்துகொண்ட விதமும் மாறியது. முன்பெல்லாம் கிழவி அடம் பிடித்தால் அதட்டுவாள். இப்போது அதட்டுவதற்கு வாய் வரவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைவதை விட்டுவிட்டு மூன்று வேளையும் கஞ்சி வைத்தாள். உப்பில் ஊறிய கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டாள். கிழவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் இவ்ளோ நல்லவளா ஆயிட்ட? டாக்டர் எனக்கு நாள் குறிச்சுட்டாரா?"

"சும்மா இருங்கம்மா."

"நீ வந்தப்புறம்தான் அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்கினார். அதுக்கு முன்னாடி அம்பது வருஷம், பஸ் நிலையம் பஸ் நிலையம்னு தூக்கத்துல உளறுவார். அவர்தான உன்னைத் தூக்கிட்டுப் போனது." கிழவி சூமெய்யின் காதைத் தொட்டாள். "போறப்ப மகளைப் பாத்துட்டேன்னு சொல்லிட்டுல்ல போனார்."

சூமெய் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

நாற்பத்தாறாவது நாள் காலையில் பெய்ஹுவா கூப்பிட்டாள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. "ஆத்தங்கரைப் பூங்காவுக்கு வர முடியுமாக்கா? தனியா வாங்க" என்றாள். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது, ஒருவேளை வேறு விஷயமாக இருக்கலாம், பெய்ஹுவாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கலாம் என்றெல்லாம் சூமெய் நினைத்துப் பார்த்தாள்.

பெய்ஹுவா பெஞ்சில் உட்கார்ந்து ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். "பொருந்தலைக்கா. பெரியம்மாவோடயும் இல்ல, அண்ணனோடயும் இல்ல. நான்தான் பாவி. தழும்பைப் பாத்த சந்தோஷத்துல ஒண்ணுமே கேக்காம இழுத்துட்டு ஓடினேன்."

எதிரே யாங்சே ஆற்றில் கரி ஏற்றிய படகுகள் வரிசையாகப் போயின. சூமெய் அவற்றை எண்ணுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் பெய்ஹுவா. "பெரியம்மாவோட ரத்தம் வேற ஒருத்தரோட பொருந்தியிருக்கு. வடக்க, ஷான்தோங்ல இருக்காங்க. குய்ரோங்னு பேரு. நாலு வருஷம் முன்னாடி ரத்தம் குடுத்திருக்காங்க. அதுக்கும் முன்னாடி, நம்ம கூட்டத்துக்கு மூணு தடவை நேர்ல வந்திருக்காங்க. பழைய பதிவேட்டை எடுத்துப் பாத்தேன்."

"எந்த வருஷம்?"

பெய்ஹுவா தயங்கினாள். "பதிமூணு. பதினாலு. அப்புறம் பதினேழு."

2013இல் தகப்பனார் மியாவ் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். 2014இல் கூட ஓட்டினார்.

"பெய்ஹுவா," என்றாள் சூமெய், "எனக்கு அன்னைக்கே தெரியும்." கட்டியையும் நாவிதரையும் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்தபோது பெய்ஹுவா அழுவதை நிறுத்தியிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க சூமெய்க்குத் தைரியம் இல்லை.

பெய்ஹுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வீட்டுல யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

*

மதியச் சாப்பாடு முடிந்து கிழவி தூங்கியதும் சொன்னாள். அடுக்களை மேசையில், நின்றுகொண்டே சொன்னாள். முதலில் ரத்தம் பொருந்தாததை. கென்ஷெங் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "அதனால என்னக்கா? ஒரு காகிதம் சொன்னா ஆச்சா? நீங்க என் அக்காதான்" என்றான். அங்கேயே நிறுத்தியிருந்தால் அவன் கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்திருப்பான். அவள் மீதியையும் சொன்னாள். குய்ரோங்கைப் பற்றி, அவள் வந்துபோன மூன்று வருடங்களைப் பற்றி, தழும்பைப் பற்றி.

கென்ஷெங்கின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது.

"தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம்தான்... இல்ல. தெரியும்."

"அப்பா இருந்தாரே." அவன் சத்தம் போடவில்லை. "பதிமூணுல அப்பா இருந்தாரே. அவ இங்க வந்து நின்னிருக்கா. அரங்கம் நம்ம வீட்டுலேர்ந்து நாலு ஸ்டாப்பு. கடைசியில அப்பா உங்க கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா? அதை அவகிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பறவைக் கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்காமல் போனது அன்றுதான் முதல் தடவை.

யுன்ஃபென் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கையிலிருந்த துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்பவுமே ஒரு மாதிரி இருக்கும்" என்றாள் கடைசியில். "இந்த வீட்டு ஆளுங்க யாருக்கும் மூக்கு நேரா இருக்காது. உங்களுக்கு நேரா இருக்கும். சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு ஆகிடும்னு விட்டுட்டேன்." பிறகு திடீரென்று கோபமாக, "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? சேர்ந்து நின்னு சாப்பாடு போட்டுத்தான் அனுப்பியிருப்போம். கொன்னா போட்டிருப்போம்?" என்றாள்.

"பொட்டி கட்டிடறேன்" என்றாள் சூமெய்.

"கட்டுங்க. சாயங்காலம் அத்தைக்குக் கால் யார் கழுவுவா? நானா? எனக்கு முதுகு வளையாது. அவ வர்றவரைக்கும் இருங்க. அவ மூஞ்சியைப் பாத்துட்டுப் போங்க."

அது மன்னிப்பா தண்டனையா என்று சூமெய்க்குப் புரியவில்லை. ஆனால் இருந்தாள். கென்ஷெங் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான்.

*

குய்ரோங் பன்னிரண்டாம் நாள் வந்தாள். ஷான்தோங்கிலிருந்து கணவனோடு, ஒரு பெட்டி ஆப்பிளும் வறுத்த வேர்க்கடலையுமாக. குட்டையான, வெயிலில் கறுத்த பெண். கதவருகே நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் யுன்ஃபென், "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தகப்பனார் மியாவ் தலைமுடியை வளர்த்துக்கொண்டு வந்து நின்றதைப் போல இருந்தது. அந்த மூக்கு, அந்த முகவாய், வெட்கப்படும்போது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பதுகூட.

சூமெய் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தனக்கு இதில் எதுவுமே இல்லையே, எல்லோரும் எப்படித்தான் நம்பினார்கள் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கிழவியிடம் காலையிலேயே விவரத்தைச் சொல்லிவிட்டார்கள். கென்ஷெங் மூன்று தடவை சொன்னான். அவள் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது குய்ரோங் அருகில் வந்து குனிந்தபோது, கிழவி அவள் காதைத் தொடவில்லை. முகத்தைத்தான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேற பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். "ரெண்டாவது தடவையும் உன்னை விட்டுட்டேன். ரெண்டு தடவை."

குய்ரோங்குக்கு ஜியாங்யின் பேச்சு புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று கலவரத்தோடு சுற்றிலும் பார்த்தாள். கென்ஷெங் அழுதுகொண்டிருந்தான். யுன்ஃபெனுக்கு வடக்குப் பேச்சு வராது. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து சூமெய்தான் வெளியே வந்தாள். எட்டு வருடத்தில் அவளுக்கு இரண்டும் வரும்.

"ரெண்டு தடவையும் உங்களை விட்டுட்டேன்னு சொல்றாங்க" என்றாள்.

குய்ரோங் அவளைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

"சொல்லுங்க," என்றாள் குய்ரோங், கிழவியின் கையை விடாமல். "வந்துட்டேன்னு சொல்லுங்க. நல்லாத்தான் வளர்ந்தேன், பசியில்லாம வளர்ந்தேன்னு சொல்லுங்க."

சூமெய் சொன்னாள். அன்று முழுக்க அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருத்தி சொல்வதை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி வந்ததையும் சொன்னாள். "இவ மேல எனக்குக் கோபம்" என்று கிழவி ஒரு இடத்தில் சொன்னாள். சூமெய் அதையும் அப்படியே வடக்குப் பேச்சில் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டை கிழவி அவள் கையால் வாங்கவில்லை. குய்ரோங் ஊட்டினாள். வேகமாக ஊட்டிவிட்டாள், கிழவிக்குப் புரையேறியது. சூமெய் எழப் போய், உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவள் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள். குய்ரோங் பின்னாலேயே படியிறங்கி வந்தாள். வாசலில் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"பதினேழுல வந்தப்ப உங்க வீட்டுத் தெரு வழியாத்தான் நடந்து போனேன்" என்றாள் குய்ரோங். "உங்களைத் திட்டணும்னு வழி பூரா மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். ரயில்ல என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாத்துக்கூட வந்தேன்."

"திட்டுங்க" என்றாள் சூமெய்.

குய்ரோங் திட்டவில்லை. "எங்கப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டாள். "அவங்ககிட்ட கேட்டா அழறாங்க. தம்பியும் அழறான். நீங்கதானே கடைசி வரைக்கும் பாத்தீங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு சூமெய் சொல்லத் தொடங்கினாள். அவர் நூடுல்ஸில் மிளகாய் போடமாட்டார், வினிகர்தான் ஊற்றுவார். கோபம் வந்தால் பேசமாட்டார், சைக்கிளைத் துடைப்பார். குளிர்காலத்தில் மூச்சுத் திணறும்போது முதுகை நீவிவிட்டால் குழந்தை மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், வூசி பஸ் நிலையத்தில் குழந்தையை வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றதைச் சொன்னார். சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து தூக்கிக்கொண்டு போகிறவரை நின்றாராம். "நீ அழவே இல்ல, அந்தப் பொண்ணோட பொத்தானைப் புடிச்சு விளையாடிட்டிருந்த, அதைப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன்" என்றாராம்.

குய்ரோங் சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். சூமெய் அவளைத் தொடவில்லை. தொட உரிமை இல்லை என்று நினைத்தாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினாள்.

*

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குய்ரோங் இருபது நாள் இருந்தாள். ஷான்தோங்கில் ஆப்பிள் அறுவடையும் பேரக்குழந்தைகளும் காத்திருந்ததால் போக வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். கிழவியும் அவளும் இப்போது கைஜாடையில் நன்றாகவே சண்டை போடுகிறார்களாம். கால் கழுவ ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள். கிழவி அவளை நான்கு தடவை துரத்திவிட்டாள்.

இதெல்லாம் யுன்ஃபென் சொல்லித்தான் சூமெய்க்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து அரை மணி நேரம் எல்லோரையும் திட்டுவாள். ஒரு தடவை, "அத்தை பேசணுமாம்" என்று சொல்லி போனைக் கொடுத்தாள். மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து, "ரொட்டி சாப்பிடறியா?" என்றாள் கிழவி. "சாப்பிடறேன்" என்றாள் சூமெய். அம்மா என்று கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் கிழவி போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

கென்ஷெங் போனுக்கு வருவதில்லை. புத்தாண்டுக்கு ஒரு பெட்டி உலர்ந்த மூங்கில் குருத்து அனுப்பினான். அனுப்புநர் பெயர் இருந்தது, கடிதம் இல்லை.

சூமெய் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அவளுடைய ரத்தமும் அந்த ஆய்வகத்தின் கணக்கில் இருக்கிறது. அவளைப் பெற்றவள் யாராவது, கூடப் பிறந்தவர் யாராவது, அந்தப் பக்கத்திலிருந்து விரலை நீட்டினால் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டில் மகளாக உட்கார்ந்திருந்ததில், தன்னைத் தேட வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அவளைப் பெற்றவள் இருந்தால் இப்போது எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் செத்துப்போயிருக்கலாம். அந்த நினைப்பு வரும்போது சூமெய் எழுந்து கடைக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள்.

போன மாதம் பெய்ஹுவா கூப்பிட்டாள். "வசந்தகாலக் கூட்டம் வருதுக்கா. இந்தத் தடவை வூசி, சாங்ஜோவ் பக்கத்துலேர்ந்து எக்கச்சக்கமாப் பேர் ரத்தம் குடுத்திருக்காங்க. நீங்க நேர்ல வர்றீங்களா?"

"வந்தா அந்த வீட்டு ஆளுங்களைப் பாக்க வேண்டியிருக்குமே."

"பாத்தா என்ன? குய்ரோங்கக்காவே கேட்டாங்க, நீங்க வர்றீங்களான்னு."

மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். புதன்கிழமை பஸ். அதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சூமெய்க்கு மறுபடியும் சாப்பாடு இறங்குவதில்லை. கடையில் யாருடைய போன் அடித்தாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.